விளக்கொளியும் நிழற்படமும்

ஆனைக்கரை அமைந்துள்ள பாரதப்புழை வட்டாரத்தில், பகவதி கோயில்களின் கூத்துமாடங்களிலே கம்பன் பாடல்கள் இரவு முழுதும் தமிழிலேயே ஓதப்படுகின்றன. ஓதுவோர் மலையாளம் பேசும் புலவர்கள் என்பது நாம் எண்ணிப் போற்றத்தக்கது.

தோல்பாவைக்கூத்து என்னும் இக்கலையில் திரைக்குப் பின்னே 21 எண்ணெய் விளக்குகள் வரிசையாக எரியும். பறையும் இலத்தாளமும் முழங்க, மான்தோற் பாவைகளின் நிழல் திரையில் ஆடும்.

இதனை நிழற்படமாக்குவது எளிதன்று. ஜெர்மனியில் 1924-இல் வெளிவந்த எர்மனாக்ஸ் காமிராவின் பெரிய வில்லை, மங்கிய ஒளியிலும் படமெடுக்க உதவியது. 1929-இல் பிளாஷ் பல்பும் வந்தது. கச்சேரி மேடைக்கு அது துணையாகும். கூத்துமாடத்திலோ, முன்னிருந்து பாயும் அவ்வொளி திரையை வெளுப்பாக்கி நிழலையே அழித்துவிடும். 35 மில்லிமீட்டர் அளவில் 1954-இல் வந்த டிரை-எக்ஸ் போன்ற வேகமிகு பிலிம் சுருள்களே விளக்கின் சொந்த ஒளியில் படமெடுப்பதை எளிதாக்கின. அப்போதும், பாவை அசைந்தால் படம் கலங்கும். அது நிற்கும் கணத்திற்குக் காத்திருத்தல் வேண்டும்.

இன்று கைப்பேசியே காமிராவாகிவிட்டது. விதி மட்டும் மாறவில்லை. இந்நிழலைக் காக்க விரும்புவோர் முதலில் தம் விளக்கை அணைத்தல் வேண்டும். அயல்மொழிச் சூழலில் தமிழ் காத்த அப்புலவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையும் அதுவே.