சிகரெட்டால் அளந்த இரவு

எங்கள் பத்திரிகைத் துறையில் இரவுப் படம் என்றால் நெடுங்காலமாக 'ஃபிளாஷ்' அடிப்பதுதான் வழக்கம். மேடையில் நிற்பவரின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருக்கும். பின்னால் உள்ளதெல்லாம் கரி. இரவை அதற்குரிய வெளிச்சத்திலேயே பிடிக்க முயன்றவர்களின் வரலாறு வேறு.

1890களின் நடுப்பகுதியில் போல் மார்ட்டின் என்பவர் லண்டன் வீதிகளின் எரிவாயு விளக்கொளியில் முக்காலியை ஊன்றிப் படமெடுத்தார். வில்லையை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதை அனுபவத்தால்தான் அறிய வேண்டியிருந்தது. வெளிச்சம் பாதியானால் நேரத்தை இரட்டிப்பாக்கினால் போதும் என்ற பகற்கணக்கு இரவில் பொய்த்துவிடுவதே காரணம். வெள்ளி உப்புப் படிகத்தில் ஒளித்துகள்கள் அடுத்தடுத்து விழுந்தால்தான் பதிவு நிலைக்கும். மங்கலான ஒளியில், இரண்டாவது துகள் வருமுன்னரே முதலாவதன் தடம் அழிந்து போகும். 

வியன்னாவில் நட்சத்திரங்களைப் படமெடுத்து ஆராய்ந்த கார்ல் சுவாட்சைல்ட், 1890களின் இறுதியில் இந்தக் குறைபாட்டுக்கு ஒரு கணிதச் சூத்திரம் கண்டார். பின்னாளில் கருந்துளைக் கணிதத்தால் புகழ்பெற்றவரும் இவரே. இந்தக் குறைபாடு எத்துணைப் பெரிது என்பதற்கு, கொடக் நிறுவனம் தனது 'ட்ரை எக்ஸ்' பிலிமுக்கு வெளியிட்ட அட்டவணை ஒன்றே போதும். ஒளிமானி 10 விநாடி என்று காட்டினால் கொடுக்க வேண்டியது 50 விநாடி; 100 விநாடி என்று காட்டினால் 1200 விநாடி, அதாவது இருபது நிமிடம்!

இந்தக் கலையை எனக்கு மிகவும் நெருக்கமாக்கியவர் பிரசாய். அவரும் பத்திரிகைக்காரர் என்பது ஒரு காரணமாயிருக்கலாம். 1899இல் அன்றைய ஹங்கேரியின் பிராஷோ நகரில் பிறந்து, 1924இல் பாரிஸ் வந்து, செய்திக் கட்டுரைகள் எழுதிப் பிழைத்தவர். சக ஹங்கேரியரான அந்த்ரே கேர்த்தேஸின் தூண்டுதலால் கமெராவைக் கையிலெடுத்தார். கண்ணாடித் தட்டுகளைச் சுமந்தபடி இரவெல்லாம் நடந்தார். நேரத்தை அவர் சிகரெட்டால் அளந்தார். ஓரளவு வெளிச்சமான இடத்துக்கு ஒரு 'கோலுவாஸ்', இருள் கூடிய இடத்துக்குத் தடித்த 'பொயார்' என்று அவரே சொல்லியிருக்கிறார். இது வெறும் வேடிக்கையன்று. ஒரே வகைச் சிகரெட் ஏறக்குறைய ஒரே நேரம் எரியும். பல நிமிடக் கணக்கில் சில விநாடி கூடினாலும் குறைந்தாலும் படம் கெடாது.

1932 இறுதியில் வெளியான அவரது 'இரவுப் பாரிஸ்' நூலில் ஈரக் கற்பாதை மினுங்குகிறது, மூடுபனி விளக்கைச் சூழ்ந்து நிற்கிறது. மழையும் பனியும் ஒளியைச் சிதறடித்து, விளக்குக்கும் நிழலுக்கும் இடையிலான பெரும் வேற்றுமையைத் தணிக்கும். அப்படியிருந்தும் நிழல்கள் கறுப்பாகவே விடப்பட்டுள்ளன. நிழலிலும் விபரம் தேடி இன்னும் சில நிமிடம் கொடுத்திருந்தால் விளக்குகள் வெந்து, வீதி பகல்போலாகியிருக்கும்.

அதே 1899இல், அதே ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் இன்னொரு மூலையில் பிறந்த வீஜீ, 1930களில் நியூயோர்க்கில் நேரெதிர் வழியில் சென்றார். பத்தடித் தூரம், எஃப் 16, 1/200 விநாடி, ஃபிளாஷ் குமிழ். கொலையோ தீ விபத்தோ, கணக்கு மாறுவதில்லை. அச்சுக்கு அவசரமாகப் படம் வேண்டிய ஆசிரியருக்கு அவர்தான் ஏற்றவர், அதை மறுப்பதற்கில்லை.

டிஜிட்டல் கமெராவில் சுவாட்சைல்ட் கண்ட குறைபாடு இல்லையென்றே சொல்லலாம். இன்றைய கைத்தொலைபேசியோ பல குறும்பதிவுகளை ஒன்றாக்கி, நள்ளிரவு முற்றத்தையும் மாலை நேரம்போலக் காட்டுகிறது. நான் திரையைத் தொட்டு வெளிச்சத்தை இரண்டு படி இறக்கிய பின்னரே எடுக்கிறேன்.