பின்னம் வரும் பிரச்சனைக் கணக்குகள்

மொத்தம் எவ்வளவு என்று சொல்லாமல், அதன் பாகங்களைப் பின்னமாகக் கொடுத்து மொத்தத்தைக் கேட்பவை இக்கணக்குகள். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் ஆறாண்டுக் காலம் பின்னத்தோடு பழகும் பிள்ளைகள், இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் இவற்றைச் சமன்பாடாக எழுதக் கற்கிறார்கள். பாட மொழியும் அப்போதே மாறிவிடுவதால், கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வதே பாதி வேலை.

ஜொகூர் பாருவை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவில் வசிக்கும் ஒருவர் சம்பளத்தில் 1/3 பங்கை வாடகைக்கும், மீதியில் 1/4 பங்கை மளிகைக்கும் செலவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் 900 ரிங்கிட் நிற்கிறது. சம்பளம் எவ்வளவு?

சம்பளத்தை ‘ச’ என்று கொண்டால் வாடகை ச/3, மீதி 2ச/3, மளிகை அதில் கால் பங்கு, அதாவது ச/6. எனவே ச − ச/3 − ச/6 = 900. இரு பக்கமும் 6ஆல் பெருக்கினால் பின்னம் மறைந்து 3ச = 5400; சம்பளம் 1800 ரிங்கிட்.

‘மீதியில்’ என்ற சொல்லைக் கவனிக்காமல் மொத்தத்தில் கால் என்று எடுத்தவருக்கு 2160 கிடைக்கும். அதுவும் முழு எண்ணாகவே வருவதால் பிழை கண்ணில் படாது. கூட்டல் கழித்தலைவிட, எதில் பாகம் என்று பார்ப்பதுதான் இக்கணக்கின் உயிர்.

பொதுப் பகுதியால் பெருக்கும் உத்திக்கு நெருங்கிய ஏற்பாடு பழைய தமிழ்க் கணக்கில் இருந்தது. முந்திரி என்பது 1/320. காணி 4 முந்திரி, மா 16, வீசம் 20, அரைக்கால் 40, கால் 80. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் செய்த மாணவனுக்கு இந்தப் பின்னங்கள் எல்லாம் முந்திரிக் கணக்கில் முழு எண்களே.

எழுத்தைப் பயன்படுத்தாத வழியும் உண்டு. கி.மு. 1550 வாக்கில் எகிப்தின் ஆமெஸ் படியெடுத்த பாப்பிரசிலும், 1150இல் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியிலும் அது காணப்படுகிறது: வசதியான ஓர் எண்ணை விடையாக வைத்துப் பார்ப்பது. சம்பளம் 12 என்போம். வாடகை 4, மளிகை 2, மிச்சம் 6. உண்மையில் மிஞ்சியது 900, அதாவது 150 மடங்கு; ஆகவே 12 × 150 = 1800.

வாடகைக்குப் பின் பேருந்துக்கு 60 ரிங்கிட் ஒதுக்கி, எஞ்சியதில் கால் பங்கு மளிகைக்குப் போனால் இந்த விகிதம் நேரடியாகப் பொருந்தாது. சமன்பாடோ தடுமாறாது: (2ச/3 − 60) × 3/4 = 900; ச = 1890.