கலப்பை சுமந்தோர்: ஆற்றுப்படைகளில் இசைவாணரும் அவர்தம் கருவிகளும்

கலப்பை என்றதும் இன்று நினைவுக்கு வருவது உழவர்தம் கருவி. சங்க காலத்தில் அச்சொல்லுக்கு மற்றுமொரு பொருள் இருந்தது. இசைக்கலங்களை இட்டுச் சுமந்த பைக்கும் கலப்பை என்றே பெயர். பாணரும் கூத்தரும் பொருநரும் விறலியரும் அப்பையைத் தோளில் தாங்கி ஊர்தோறும் சென்றனர். உழவர் கலப்பை வழக்கில் நிலைத்தது; பாணர் கலப்பை உரைநூல்களுக்குள் ஒடுங்கியது. ஒரு சொல் தன் பொருள்களுள் ஒன்றை இழக்கும்போது அப்பொருளோடு வாழ்ந்த மக்களின் வாழ்வும் மாறியிருத்தல் வேண்டும். அப்பைக்குள் என்னென்ன இருந்தன, அவற்றை யார் யார் எவ்வாறு பகிர்ந்து சுமந்தனர், பின்னர் அவை எங்கே சென்றன என்பவற்றை ஆராய்வது தமிழிசை வரலாற்றின் ஒரு பகுதியை அறிவதாகும்.

பெற்றவர் பெறாதவர்க்கு

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றுள் முருகனிடத்து ஆற்றுப்படுத்தும் திருமுருகாற்றுப்படையை நீக்கினால் எஞ்சுவன நான்கு. பொருநராற்றுப்படை 248 அடிகள், சிறுபாணாற்றுப்படை 269, பெரும்பாணாற்றுப்படை 500, கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம் 583. ஆக 1600 அடிகள், கலைஞன் ஒருவன் மற்றொரு கலைஞனை எதிர்ப்பட்டுப் பேசும் பேச்சாகவே அமைந்துள்ளன. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோர் வழியிடையே தம்மவரைக் கண்டு, தாம் பெற்ற வளத்தைப் பெறாதவர்க்கு அறிவித்து, அவரும் சென்று பெறுமாறு வழிகாட்டுதலே இத்துறை எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் வரையறுக்கிறது.

இப்பாட்டுகளை வள்ளல்களின் புகழ்ப்பாட்டுகளாகக் கொள்வது நெடுநாள் வழக்கம். கரிகாலன், நல்லியக்கோடன், தொண்டைமான் இளந்திரையன், நன்னன் ஆகியோர் புகழை அவை பாடுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவற்றில் பேசுவோரும் கேட்போரும் ஒரே தொழிலினர் என்பதை ஆழ்ந்து நோக்குதல் தகும். வள்ளலின் செல்வம் எத்துணைப் பெரிதாயினும் அளவுடையது. வாயிலுக்குப் புதியவன் ஒருவன் செல்வானாயின் பழையவனுக்குரிய பங்கு குறையக்கூடும். தொழிற்போட்டி உள்ள இடத்தில் தான் அறிந்த வாயிலை மறைப்பதே இயல்பு. ஆற்றுப்படைக் கலைஞனோ அதனை மறைக்கவில்லை, வழியைச் சொல்கிறான், வழியில் உள்ள இடர்களையும் சொல்கிறான். இப்பாட்டுகளை இயற்றியோர் புலவர்களே. எனினும் கலைஞனின் வாயில் அவர்கள் இத்தகைய பேச்சை வைத்தனர் என்பதே, அக்கலைஞர்களிடையே நிலவிய ஒழுகலாற்றை ஒருவாறு உணர்த்துகிறது.

கருவியால் அறிதல்

எதிர்ப்பட்டவன் யார் என்பதைப் பேசுவோன் எதனால் அறிகிறான்? அவன் கையிலுள்ள கருவியால் அறிகிறான். ஊரும் பெயரும் கேட்கப்படுவதற்கு முன்னரே கருவி பேசிவிடுகிறது. முடத்தாமக்கண்ணியார் பொருநராற்றுப்படையின் தொடக்கத்திலேயே யாழின் உறுப்புகளை நிரல்பட விரிக்கிறார். மானின் குளம்பு பதிந்த சுவடுபோல் நடுவில் பகுப்புடைய பத்தல். விளக்கின் சுடர்நிறம் கொண்டு இழுத்துக் கட்டப்பட்ட தோற்போர்வை. வளையில் வாழும் நண்டின் கண்ணையொத்து, துளையை அடைத்து நிற்கும் ஆணிகள். எட்டாம் நாள் திங்களின் வடிவாய், உள்நாக்கில்லாத வாய். படமெடுத்த பாம்புபோல் ஓங்கிய கரிய கோடு. மாநிற மங்கையின் முன்கை வளைகளை ஒத்த வார்க்கட்டாகிய திவவு. குற்றிய தினையரிசிபோல் குற்றமற்ற நரம்பு. இவ்வாறு அடியிலிருந்து நுனிவரை கண் நகர்கிறது.

இது வெளியார் ஒருவரின் வியப்பன்று. கருவியைக் கையாண்டு பழகிய ஒருவன் மற்றொருவன் கருவியை ஆராயும் முறை இதில் புலப்படுகிறது. தோல் உரிய முறையில் இழுத்துக் கட்டப்பட்டதா, ஆணி துளையை நன்கு அடைத்ததா, நரம்பில் முறுக்கோ பிசிறோ உண்டா என்பன அத்தொழிலினர் முதலில் காண்பனவாம். நல்லூர் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையில் திவவைக் கருங்குரங்கு பாம்பைப் பற்றிய தோற்றத்தோடு ஒப்பிடுகிறார். பாம்பு இறுகவும் நெகிழவும் செய்யும்போது குரங்கின் பிடியும் அதற்கேற்ப மாறும். நரம்பைக் கூட்டவும் குறைக்கவும் திவவை இறுக்கி நெகிழ்த்தும் செயலைக் கண்டவர்க்கே இவ்வுவமை தோன்றும்.

யாழ் செல்வர் மனைப் பொருளாக மட்டும் இருந்ததில்லை என்பதும் இப்பாட்டுகளால் விளங்குகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் ஒருவனைக் காட்டுகிறார். அவன் தீக்கடைகோலின் நெருப்பால் துளையிட்டுக் குழல் செய்து வாசிக்கிறான். அது சலித்ததும் குமிழமரக் கொம்பை வளைத்து மரல்நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்து குறிஞ்சிப்பண் இசைக்கிறான். ஆநிரை மேய்ப்போன் அங்கேயே கிடைத்தவற்றால் கருவி செய்துகொள்ளக்கூடிய உலகம் அது. பறையும் யாழும் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களாகத் தொல்காப்பியத்தில் எண்ணப்பட்டமைக்கு இத்தகைய வாழ்வே அடிப்படை எனலாம்.

பலவின் காய்க்கொத்து

பாணரும் கூத்தரும் தனித்துச் சென்றவரல்லர். மலைபடுகடாத்தின் தொடக்கத்தில் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் கூத்தர் குழு ஒன்றின் கலப்பையைத் திறந்து காட்டுகிறார். அதில் முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குறும்பரந்தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என்னும் பத்துக் கருவிகள் பெயரோடு குறிக்கப்படுகின்றன. பிறவும் உண்டு எனவும் அவர் சுட்டுகிறார். ஒவ்வொன்றின் ஒலியும் தனித்தனியே சொல்லப்படுகிறது. முழவின் ஒலி இடியைப் போன்றது. தூம்பின் ஒலி யானையின் பெருமூச்சைப் போன்றது. குறும்பரந்தூம்பு இளி என்னும் நரம்பின் ஒலியைத் தருவது.

இத்தனையையும் ஒருவர் சுமத்தல் இயலாது. சுமையை ஒத்த அளவாகப் பகுத்து, பலாமரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவது போலத் தோன்றுமாறு காவில் கட்டிச் சென்றனர் என்கிறார் புலவர். பெருங்கருவியை ஒருவரும் சிறுகருவியை மற்றொருவரும் தமக்கெனத் தனியே கொண்டுசெல்லாமல், எல்லாவற்றையும் எல்லாரும் எடையொப்பப் பகிர்ந்தனர் என்பது இதனால் பெறப்படும். புறநானூற்று 103ஆம் பாட்டில் ஒளவையார் காட்டும் விறலியின் காவில் ஒருபுறம் பதலையும் மறுபுறம் சிறுமுழவும் தொங்குகின்றன. அவள் வெற்றுநிலத்தில் அமர்ந்து, கவிழ்ந்து கிடக்கும் தன் உண்கலத்தை நிமிர்த்துவோர் யார் என ஏங்குகிறாள். காவின் இருபுறமும் நிறைந்திருக்க உண்கலம் வெறுமையாய் இருந்தது என்னும் முரண், அம்மக்கள் வறுமையிலும் விற்றுத் தின்னாத பொருள் எது என்பதைத் தெளிவாக்குகிறது.

புறநானூற்று 64ஆம் பாட்டில் யாழையும் ஆகுளியையும் பதலையையும் கட்டிக்கொண்டு செல்வோம் வா என விறலி அழைக்கப்படுகிறாள். இதனைப் பாடியவர் நெடும்பல்லியத்தனார். பல இயங்கள் என்னும் பொருள் அவர் பெயரிலேயே அமைந்துள்ளது. 152ஆம் பாட்டில் வன்பரணர் குழுத்தலைவன் ஒருவனைக் காட்டுகிறார். வல்வில் ஓரியைப் பாடத் தொடங்குமுன் அத்தலைவன் முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை ஆகியவற்றைத் தன் குழுவினர்க்கு ஒவ்வொன்றாகப் பணித்து இயக்கச் செய்கிறான். மலைபடுகடாத்தின் பட்டியலில் உள்ளவையே பெரும்பாலும் இங்கும் வருதல் கருதத்தக்கது. வெவ்வேறு புலவர், வெவ்வேறு வள்ளல், வெவ்வேறு மலை. ஆயினும் கலப்பை ஏறத்தாழ ஒன்றே.

கருவிகள் உயிர்காத்தமைக்கும் மலைபடுகடாத்தில் சான்றுண்டு. குறவர்களே திசை தடுமாறும் மலைப்பகுதியில் வழிதப்பினால் மேலே நடவாதீர். அகன்ற பாறைமேல் ஒன்றுகூடி உங்கள் கருவிகளை முழக்குங்கள். அவ்வொலி கேட்டுப் புனங்காப்போர் வந்து வழிகாட்டுவர் என அப்பாட்டின் கூத்தன் அறிவுறுத்துகிறான். தனியொருவன் எழுப்பும் ஒலி மலையில் கரைந்துபோகும். எல்லாக் கருவிகளும் சேர்ந்து ஒலித்தால்தான் உதவி வரும். இவ்வறிவுரையைச் சொல்பவன் அவ்வழியே நடந்து வந்தவன்.

வழியிலிருந்து கோயிலுக்கு

பிற்காலத்தில் இசைவாணரின் வாழ்வு வழியைவிட்டுக் கோயிலைச் சார்ந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர்பெயராகக் குறிக்கிறது. அவர்களோடு நட்டுவம் செய்வோர், வங்கியம் ஊதுவோர், வீணை வாசிப்போர், உடுக்கை வாசிப்போர் எனப் பலர் குறிக்கப்படுகின்றனர். ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அவரை அடுத்த உறவினர் அப்பணியைச் செய்து பங்கைப் பெறவும், அவர் தகுதியற்றவராயின் தகுதியுடையவரை அமர்த்தவும் விதி செய்யப்பட்டது. திருப்பதியம் பாட 48 பேரும், உடன் உடுக்கை வாசிக்க ஒருவரும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவருமாக 50 பேர் நிறுத்தப்பட்டமையையும் மற்றொரு கல்வெட்டால் அறிகிறோம்.

இவ்வேற்பாடு கலைஞர்க்குச் சோறளித்தது. அதனை மறுத்தல் கூடாது. ஆயினும் பங்கு என்னும் சொல்லின் பொருள் இங்கு மாறியது. சங்கப் பாட்டில் குழு பகிர்ந்தது சுமையையும் வழியையும் ஆகும். கல்வெட்டில் ஒவ்வொருவர்க்கும் பகுக்கப்பட்டது நெல். நெல்லின் பங்கு வரையறைக்குட்பட்டது. அதற்குப் புறத்தே நின்றவனை ஆற்றுப்படுத்த அங்கு எவர்க்கும் வாய்ப்பில்லை.

பாணரின் சமுதாய நிலையும் இடைக்காலத்தில் தாழ்ந்திருந்தது. சங்கப்பாட்டில் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் என நான்கு குடிகளைப் பெருமையோடு எண்ணுகிறார். துடியும் பண்ணும் பறையும் மக்கட்கு அங்கே சிறப்புப் பெயரைத் தந்தன. பின்னாளில் அப்பெயர்களே இழிவுக்குக் காரணமாக்கப்பட்டன. சேக்கிழார் பாடும் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாற்றில் இதன் சாயல் உண்டு. சாத்தமங்கையில் திருநீலநக்கர் யாழ்ப்பாணரையும் மதங்கசூளாமணியாரையும் வேள்விக்குண்டத்தின் அருகே தங்கச் செய்தார் என்பதும், அப்போது தீ முன்னினும் ஓங்கி வலஞ்சுழித்து எரிந்தது என்பதும் அப்புராணச் செய்தி. அவர்களை ஏற்கத் தயங்கிய சமுதாயம் இருந்தமையால்தான் தீயின் சான்று வேண்டப்பட்டது. மதுரையில் யாழ் நிலத்தின் ஈரம்பட்டுக் கட்டு நெகிழும் எனக் கருதி இறைவனே பொற்பலகை இடச் செய்தான் எனவும் சேக்கிழார் கூறுகிறார். கருவியின் நலம்பேணும் தொழிலறிவு இங்கே இறைவன் வாக்காக ஒலிக்கிறது.

சொற்களாக எஞ்சியவை

காலம் செல்லச் செல்ல யாழ் மறைந்தது; வீணை நிலைபெற்றது. அடியார்க்குநல்லார் பேரியாழுக்கு 21 நரம்பும் செங்கோட்டியாழுக்கு 7 நரம்பும் எனக் கணக்குத் தரும் அதே உரையில், தம் காலத்திற்கு முன்னரே இறந்துபட்ட இசைநாடக நூல்களின் பெயர்களையும் குறிக்கிறார். நச்சினார்க்கினியர் மலைபடுகடாத்திற்கு உரை கண்டபோது ஆகுளிக்குச் சிறுபறை எனவும், பாண்டிலுக்குக் கஞ்சதாளம் எனவும், தூம்புக்கு நெடுவங்கியம் எனவும், தட்டைக்குக் கரடிகை எனவும் தம் காலப் பெயர் தந்தார். தஞ்சைக் கல்வெட்டின் வங்கியம் இவ்வாறு சங்கக் கருவியை அறியும் திறவுகோலாயிற்று. இன்று அவ்வுரைப் பெயர்களுக்கும் உரை வேண்டியுள்ளது.

உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தபோது கலப்பையின் பட்டியல் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தது. ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917இல் வெளிவந்தது. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் ஆண்டுகள் பல ஆய்ந்து எழுதிய யாழ்நூல் 1947 சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். அந்நூலின் யாழுறுப்பியலுக்குப் பொருநனும் பாணனும் எதிர்ப்பட்டவன் கருவியைப் பார்த்துச் சொன்ன சொற்களே முதன்மையான சான்றுகளாயின. பத்தலும் கோடும் திவவும் மரமாகவும் தோலாகவும் எஞ்சவில்லை. ஒருவன் கருவியை மற்றொருவன் அன்போடு நோக்கிய நோக்கு எஞ்சியது. 2020களின் தொடக்கத்தில் சென்னையில் யாழ் மீண்டும் செய்யப்பட்டு இசைக்கப்பட்டமைக்கும் இச்சொற்களே முதல்.

பேணி வைத்த கருவி மட்கிப்போக, பகிர்ந்து சொன்ன சொல் இரண்டாயிரம் ஆண்டு நின்றது. இலக்கிய வட்டங்களில் கூடுவோர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. தான் கற்ற நூலையும் கண்ட வாயிலையும் பட்ட இடரையும் பின்வரும் இளங்கவிஞனுக்கு எடுத்துரைப்பவரே அப்பழைய பாணனின் வழித்தோன்றல் ஆவர். காவின் ஒருபுறத்தைத் தாங்க மற்றொரு தோள் கிடைக்கும்வரை கலப்பை நிலத்தில் வைக்கப்படுவதில்லை.