கூரத்துப் பங்கும் பல்கலைக்கழகப் பாஸ்வேர்டும்

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கூரம் என்ற ஊர், வரலாறு படிக்கிறவர்களுக்கு இரண்டு காரணங்களால் தெரிந்திருக்கும். ஒன்று, பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துக் கூரம் செப்பேடுகள். இன்னொன்று, இராமானுசரின் சீடர் கூரத்தாழ்வான். கல்வெட்டு ஆட்கள் முதலாவதைப் பேசுவார்கள். வைணவ அன்பர்கள் இரண்டாவதைப் பேசுவார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறவர்கள் குறைவு.

கொஞ்ச நாளாக நான் வேறொரு விஷயத்துக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். பல்கலைக்கழக நூலகங்கள் மின்னிதழ்களையும் தரவுத்தளங்களையும் எப்படி வாங்குகின்றன, வாங்கிய பிறகு எப்படிக் கட்டி மேய்க்கின்றன என்பதுதான் அது. ரொம்ப வறண்ட விஷயம் மாதிரி தெரியும். ஆனால் அதில் இருக்கிற இரண்டு பெரிய கேள்விகளுக்கும் கூரத்தில் பழைய வடிவம் இருக்கிறது. படிப்பதற்கான செலவை வருஷா வருஷம் யார் கொடுப்பது? படிக்கக் கொடுத்ததை நாளைக்குத் திரும்பப் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது?

முதலில் செப்பேடு.

7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஏழு ஏடுகள். முன்பகுதி வடமொழியில் கிரந்த எழுத்தில், பின்பகுதி தமிழில். ஹூல்ட்ஷ் இதைப் படித்து 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் வெளியிட்டார். சாளுக்கிய விக்கிரமாதித்தன் லட்சக்கணக்கான படையோடு வந்து, கடைசியில் கந்தல் துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டு ஓடினான் என்று சொல்லும் பகுதி இதில்தான் வருகிறது. வரலாற்றுப் புத்தகங்கள் எல்லாம் அந்தச் சண்டையைத்தான் எடுத்துக்காட்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது சண்டைக்குப் பின்னால் வரும் கணக்கு. பரமேசுவரமங்கலம் என்ற ஊர் 25 பங்காகப் பிரிக்கப்படுகிறது. கூரத்தில் கல்லால் கட்டிய சிவன் கோயிலில் பூசை செய்து, கோயிலைப் பழுதுபார்த்து வர இரண்டு பேருக்கு 3 பங்கு. கூரத்து மண்டபத்துக்குத் தண்ணீருக்கும் நெருப்புக்கும் 1 பங்கு. அந்த மண்டபத்தில் பாரதம் வாசிக்க 1 பங்கு. மீதி 20 பங்கு, நான்கு வேதம் படித்த 20 பேருக்கு.

இந்தக் கணக்கை ஒரு நூலகரின் கண்ணோடு பாருங்கள். பாரதச் சுவடி வாங்குவதற்கு என்று யாரும் பணம் ஒதுக்கவில்லை. வாசிப்பதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அதுவும் ஒரு தடவை கொடுக்கிற தொகை இல்லை, நிலத்தின் விளைச்சலில் ஒரு பங்கு. மழை பெய்து ஏரி நிறைகிற வரைக்கும் வாசிப்பு நடக்கும். தண்ணீருக்கும் நெருப்புக்கும் தனிப் பங்கு இருக்கிறதே, அதையும் கவனியுங்கள். வாசிக்கிற ஆளுக்குக் கூலி கொடுத்தால் மட்டும் போதாது, மண்டபம் நடக்க வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். இன்றைக்குக் கரண்ட் பில், சர்வர், நெட் இணைப்பு என்று எழுதுகிறோமே, அதே கணக்குத்தான்.

இதை வைத்துக்கொண்டு பல்லவர் காலத்திலேயே எல்லோருக்குமான பொது நூலகம் இருந்தது என்றெல்லாம் பெருமை பேச நான் வரவில்லை. 25இல் 20 பங்கு யாருக்குப் போனது என்பது செப்பேட்டிலேயே இருக்கிறது. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: படிப்பு என்பது தொடர் செலவு என்று அந்தக் கணக்கை எழுதியவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது இரண்டாவது கூரம்.

குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை இது. வரலாற்றுச் சான்றாக இல்லாமல் மரபுக் கதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பிரம்மசூத்திரத்துக்கு உரை எழுத நினைத்த இராமானுசருக்குப் போதாயனர் எழுதிய பழைய விருத்தியுரையைப் பார்க்க வேண்டியிருந்தது. அதன் பிரதி காஷ்மீரத்துச் சாரதா பீடத்தில் இருந்தது. கூரத்தாழ்வானைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போனார். அதற்குப் பிறகு கதையில் சில வேறுபாடுகள் உண்டு. அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், பெயர்த்து எழுதக்கூடாது என்றார்கள் என்பது ஒரு வடிவம். சுவடி கையில் கிடைத்தது, திரும்பி வரும் வழியில் பண்டிதர்கள் துரத்தி வந்து பிடுங்கிக்கொண்டார்கள் என்பது இன்னொரு வடிவம். முடிவு ஒன்றுதான். இராமானுசர் மனம் உடைந்து நிற்க, இரவுகளில் தாம் அதை முழுக்கப் படித்து மனத்தில் வாங்கிவிட்டதாகக் கூரத்தாழ்வான் சொல்கிறார். அந்த நினைவை வைத்துக்கொண்டு ஸ்ரீபாஷ்யம் எழுதப்படுகிறது. இராமானுசர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதியவரும் கூரத்தாழ்வானே.

பக்தர்கள் இதில் சீடரின் பெருமையைப் பார்ப்பார்கள். நான் இதில் ஒரு லைசன்ஸ் ஒப்பந்தத்தைப் பார்க்கிறேன். எங்கள் வளாகத்துக்குள் வந்தால் படிக்கலாம். நகல் கூடாது. வெளியே எடுத்துப்போகக் கூடாது. எங்களுக்குத் தோன்றினால் அனுமதியைத் திரும்பப் பெறுவோம். இன்றைக்கு ஒரு பல்கலைக்கழகம் கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தத்தில் மொழி வேறு, சாரம் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அச்சு இதழ்களின் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஒரு நூலகம் 1975இல் ஒரு ஆய்விதழுக்குச் சந்தா கட்டியது, 1985இல் பணம் இல்லை என்று நிறுத்தியது என்று வைத்துக்கொள்வோம். இடைப்பட்ட பத்து வருஷ இதழ்கள் பைண்டு செய்யப்பட்டு அலமாரியில் இருக்கும். பதிப்பாளர் வந்து அள்ளிக்கொண்டு போக முடியாது. மின்னிதழில் நூலகம் வாங்குவது இதழை அல்ல, பார்க்கிற உரிமையை. சந்தா நின்றால், ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கியிருந்தால் ஒழிய, பணம் கட்டிய வருஷங்களின் இதழ்களும் கண்ணுக்கு மறைந்துபோகலாம்.

அதனால்தான் மின்வளங்களைப் பார்த்துக்கொள்ளும் நூலகரின் வேலை பாதி வக்கீல் வேலை, பாதி லைன்மேன் வேலை. ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட பயனர் என்றால் யார்? படிப்பு முடித்துப் போன மாணவர் உண்டா? வெளியிலிருந்து நூலகத்துக்கு வந்து உட்காருகிறவர் உண்டா? இன்னொரு கல்லூரி கேட்டால் ஒரு கட்டுரையை அனுப்பலாமா? ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறக்கலாம்?

கையெழுத்து ஆனதும் லைன்மேன் வேலை தொடங்கும். வளாகத்தின் ஐ.பி. முகவரிகளைப் பதிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். அந்த முகவரியிலிருந்து வந்தால்தான் கதவு திறக்கும். வளாகம் இணைய சேவையை மாற்றினால் முகவரி மாறும், ஒரே நாளில் எல்லா இதழும் பூட்டிக்கொள்ளும். விடுதிக்கு வெளியே வீட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு பிராக்ஸி சர்வரோ தனி லாகினோ ஏற்பாடு செய்ய வேண்டும். இதழ்கள் ஒரு பதிப்பாளரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும். அப்போது இணைப்பும் மாறும், பழைய வருஷங்களின் உரிமை எங்கே போனது என்று தேட வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் அப்படி ஒருவர் வேலை பார்க்கிறார் என்பதே யாருக்கும் தெரியாது.

வருஷக் கடைசியில் பயன்பாட்டுக் கணக்கு. பதிப்பாளர்கள் ஆளுக்கொரு விதமாக எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்ததை ஒழுங்குபடுத்த 2003இல் கவுண்டர் என்ற பொது நடைமுறையின் முதல் பதிப்பு வந்தது. 5 லட்சம் ரூபாய் சந்தா, 2,000 தரவிறக்கம் என்றால் ஒரு கட்டுரைக்கு 250 ரூபாய் விழுகிறது. இந்த எண்ணை வைத்துத்தான் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று பெரும்பாலும் முடிவாகும். ஆபத்தும் இங்கேதான். மருத்துவ இதழை ஆயிரம் பேர் திறப்பார்கள். கல்வெட்டியல் இதழை நான்கு பேர் திறப்பார்கள். அந்த நான்கு பேருக்கு வேறு வழியே இல்லை என்பது எண்ணில் தெரியாது.

ஒற்றை நூலகம் தனியாக நின்று பேரம் பேச முடியாது என்பது நம் நாட்டில் சீக்கிரமே புரிந்துவிட்டது. 1991இல் தொடங்கிய இன்ஃப்ளிப்நெட் 2000களின் முதல் பாதியில் பல்கலைக்கழகங்களுக்காக யூஜிசி இன்ஃபோநெட் என்ற கூட்டமைப்பை நடத்தத் தொடங்கியது. தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களுக்கு இண்டெஸ்ட் வந்தது. கல்லூரிகளுக்காக என்-லிஸ்ட் வந்தது. 2015இல் இவை ஈ-ஷோத்சிந்து என்ற ஒரே கூரையின் கீழ் வந்தன.

அடுத்த பெரிய அடி, 25 நவம்பர் 2024 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த ஒரே நாடு ஒரே சந்தா திட்டம். 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பாளர்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், கிட்டத்தட்ட 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும். வகுத்துப் பார்த்தால் ஒரு ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 1,100 ரூபாய். ஒரு கட்டுரையைத் தனியாக வாங்கினால் இரண்டாயிரம் மூவாயிரம் கேட்கிற உலகத்தில் இது பெரிய விஷயம், மறுக்கவில்லை. நகரத்துப் பெரிய நிறுவனத்துக்கும் மாவட்டத்து அரசுக் கல்லூரிக்கும் ஒரே அலமாரி என்பது இதற்கு முன்னால் இருந்ததில்லை.

ஆனால் தொடக்கக் கட்டத்தில் இது அரசு நிர்வாகத்தில் இருக்கும் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஒன்றிய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும்தான். தமிழ்நாட்டில் எத்தனை தனியார் கல்லூரிகள் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். எந்தக் கல்லூரியிலும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து ஊர் வரலாறு தேடுகிறவர்கள் கணக்கிலேயே இல்லை. இன்னொன்று, மூன்று ஆண்டு என்பது மூன்று ஆண்டுதான். கூரத்து வாசிப்புக்கு நிலத்தில் பங்கு இருந்தது. நமக்குப் பட்ஜெட்டில் ஒரு வரி இருக்கிறது.

அப்படியானால் பணம் நின்ற பிறகு? இதற்கு உலக அளவில் நூலகர்கள் கண்டுபிடித்த விடை ரொம்பப் பழைய விடை. நிறையப் பிரதி எடுத்து நிறைய இடத்தில் வை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1999இல் தொடங்கிய லாக்ஸ் என்ற திட்டத்தின் அடிப்படை அதுதான். பல நூலகங்கள் ஒரே இதழின் பிரதியைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். கணினிகள் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றில் சிதைந்ததை மற்றொன்றிலிருந்து சரிசெய்யும். நம் ஊர் ஏட்டுச் சுவடிகள் பிழைத்ததும் இப்படித்தான். ஓலைக்குப் பூச்சியும் ஈரமும் எதிரி. பெயர்த்து எழுதிய நூல் நின்றது, எழுதாத நூல் போனது. இடைக்காலத்துச் சிதம்பரம் கோயிலில் இருந்த சரஸ்வதி பண்டாரத்தில் சுவடிகளைப் பெயர்த்து எழுதவும் ஒப்பிட்டுப் பார்க்கவும் ஆட்கள் வைத்திருந்தார்கள்.

போதாயன விருத்திக்கு என்ன ஆனது? இன்று அது கிடைக்கவில்லை. ஸ்ரீபாஷ்யம் போன்ற நூல்களில் எடுத்தாளப்பட்ட சில வரிகள் வழியாகத்தான் அதைப் பற்றித் தெரிகிறது. கதையின்படியே வைத்துக்கொண்டால், நகல் எடுக்க விடாமல் காத்தவர்களிடம் இருந்த பிரதி அழிந்தது. அனுமதி இல்லாமல் ஒருவர் மனத்தில் ஏற்றிக்கொண்ட அளவு மட்டும் பிழைத்தது. பூட்டி வைப்பதும் பாதுகாப்பதும் ஒன்று இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் இருப்பீர்கள். உங்கள் நூலகரிடம் போய் மூன்று கேள்வி கேளுங்கள். சந்தா நின்றால் நாம் பணம் கட்டிய வருஷங்கள் நமக்குக் கிடைக்குமா? அந்த இதழ்களின் பிரதி வேறு எங்காவது சேமிப்பில் இருக்கிறதா? வெளியிலிருந்து வருகிற ஒருவர் நம் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாமா? பல நூலகர்கள் இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பார்கள். வாசகர் கேட்டார் என்று சொன்னால்தான் ஒப்பந்த மேசையில் அவர்களுக்கும் பேச ஒரு பிடி கிடைக்கும்.

கூரம் செப்பேட்டில் சில ஏடுகள் சிதைந்துவிட்டன. ஆனாலும் அந்த 25 பங்குக் கணக்கை நான் என் வீட்டிலிருந்தே படிக்க முடிந்தது. 1890இல் அச்சான தொகுதி பல நூலகங்களுக்குப் போனது, காப்புரிமைக் காலம் முடிந்தது, ஸ்கேன் ஆகி இணையத்துக்கு வந்தது. எந்தப் பாஸ்வேர்டும் கேட்கவில்லை.