லயனுக்கு வாடிக்கையாளர் யார்?

1960களின் இறுதியில் யப்பானில் யோஜி அகாவோ போன்றவர்கள் ஒரு சின்னக் கேள்வி கேட்டார்கள்: பொருளைச் செய்துமுடித்துவிட்டுக் குறை தேடுவதைவிட, பாவிக்கப் போறவர் என்ன கேட்கிறார் என்பதை வரைபடம் போடும்போதே ஏன் சேர்க்கக் கூடாது? 1972இல் மிட்சுபிஷியின் கோபே கப்பல் கட்டும் தளத்தில் அது ஒரு அட்டவணையாகப் பாவனைக்கு வந்தது. இடப்பக்கம் வாடிக்கையாளரின் தேவைகள், மேலே பொறியியலாளரின் அளவுகள், உச்சியில் முக்கோணக் கூரை. பார்க்க வீடு மாதிரி இருந்ததால் 'தர வீடு' என்றே பெயர் வைத்தார்கள். கட்டுமானத் துறைக்கும் பிறகு அது வந்து சேர்ந்தது.

அந்த அட்டவணையை லயனுக்குப் போட்டுப் பார்த்தால் என்ன?

எமது பேராதனை வளாகத்துக்குள்ளால் போகும் கலஹா வீதியைப் பிடித்து மேலே ஏறினால் ஹேவாஹெட்டப் பக்கம். அங்கேதான் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். கோப்பிக் காலத்திலேயே வந்துவிட்ட லயன், தேயிலையோடு மலையெங்கும் பரவியது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. சமையல், படுக்கை, பிரசவம் எல்லாம் அதற்குள்தான். இதைத் 'தரமில்லாத கட்டடம்' என்று சொல்வது வழக்கம். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். அதன் வாடிக்கையாளர் தோட்டம். குறைந்த செலவு, வரிசையாக ஒரே கூரை, விடியப் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிட வசதி. கேட்டதெல்லாம் அதுக்குக் கிடைத்தது! உள்ளே இருந்தவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. 1948இல் குடியுரிமையும் போன பிறகு, கேட்க வேண்டிய கட்டாயமும் ஒருத்தருக்கும் இருக்கல.

கேட்டுக் கட்டலாம் என்பதற்கு இலங்கையிலேயே உதாரணம் உண்டு. 1984இல் பிரேமதாசா தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில் அரசு சிறு கடன் கொடுத்தது, என்ன கட்டுவது என்பதைக் குடும்பமே தீர்மானித்தது. 2010இல் இந்தியா அறிவித்த 50,000 வீடுகளில் பெரும்பகுதி வடக்கு, கிழக்கில். அங்கேயும் காசு கட்டம் கட்டமாகக் குடும்பத்தின் கணக்குக்கே போனது, மேசனைப் பிடித்ததும் வீட்டுக்காரர்தான். அதில் 4,000 மலையகத்துக்கு. 2017 மே மாதம் நோர்வூட்டில் மோடி இன்னும் 10,000 என்றார்.

மலையக வீடு 550 சதுர அடி. காம்பராவைவிட நாலரை மடங்கு, சின்ன விஷயமில்லை. அந்த 4,000 வீடுகளுக்குக் கிடைத்த காணி 7 பேர்ச்சஸ், அதாவது சுமார் 1,900 சதுர அடி. வீடு போக மிச்சத்தில் மரக்கறித் தோட்டம், மாட்டுப் பட்டி, மகன் கல்யாணம் கட்டினால் இன்னொரு அறை.

ஆனால் எமது அட்டவணையில் இடப்பக்கம் முதல் வரியாக வருவது 'காணி உறுதி'. சீமெந்துக் கலவை, கூரைச் சரிவு, சுவர்த் தடிப்பு என்று மேலே எத்தனை நிரல் போட்டாலும் அந்த வரிக்கு நேரே ஒரு புள்ளி வைக்க முடியாது. அதை எழுதிக் கொடுக்க வேண்டியவர் பொறியியலாளர் இல்லை, அரசாங்கம்.