அமெரிக்கத் தேசிய வனங்களில் கால்நடை மேய்ச்சலும் ஓடை நலமும்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள தேசிய வனங்கள் அரசுக்குச் சொந்தமானவை. அங்கே தனியாரின் ஆடுமாடுகள் உரிமம் பெற்று, கட்டணம் செலுத்தி மேய்கின்றன. வேளாண்மைத் துறையின் கீழுள்ள வனப் பணியகம் நாடு முழுவதும் சுமார் 19.3 கோடி ஏக்கரை நிர்வகிக்கிறது. அதில் ஏறத்தாழப் பாதி மேய்ச்சல் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளது. மலையோடைகளின் கரையும் நீரும் மீனும் கெடாமல் இந்த மேய்ச்சலை நடத்துவது எப்படி என்ற கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. எத்தனை தலை என்று எண்ணுவதிலேயே முதல் எண்பது ஆண்டுகள் பெரும்பாலும் கழிந்தன. மந்தை எந்த மாதத்தில் வருகிறது, ஓடைக்கரையில் எத்தனை நாள் நிற்கிறது என்று கேட்கத் தொடங்கிய பிறகே பல ஓடைகள் தேறின.

கரையில் நடப்பது

ஜூலை முற்றும்போது இந்த மலைகளின் சரிவுப் புல் காய்ந்து சருகாகிவிடும். ஓடையோரத்தில் மட்டும் பச்சை இருக்கும். நிழலும் தண்ணீரும் அங்கேதான். மாடு வேறெங்கே போகும்? ஓரிகன் மாநிலத்தின் நீல மலைகளில் ரோத், குரூகர் இருவரும் ஆராய்ந்து 1982-இல் வெளியிட்ட கணக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அவர்கள் பார்த்த மேய்ச்சல் பிரிவில் ஓடையோர நிலம் பரப்பில் 1.9 விழுக்காடுதான். ஆனால் மாடுகள் தின்ற தீவனத்தில் 81 விழுக்காடு அங்கிருந்து போனது. மொத்தப் பரப்புக்கும் சராசரி போட்டால் மேய்ச்சல் மிதமாகத் தெரியும். ஓடை மட்டும் மொட்டையாகிக் கிடக்கும்.

நல்ல நிலையிலுள்ள புல்வெளி ஓடையின் கரையை வெட்டிப் பார்த்தால், கோரையின் வேர்கள் பாய் பின்னியதுபோல் மண்ணைக் கட்டிப் பிடித்திருப்பது தெரியும். அடிமண்ணை நீர் அரித்தாலும் மேற்புறம் இடியாமல் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நிழலில்தான் டிரவுட் மீன் பகலில் ஒதுங்குகிறது. ஈரம் ஊறியிருக்கும்போது அந்த விளிம்பில் மாட்டின் குளம்பு அழுந்தினால் கரை துண்டாகப் பிளந்து ஓடைக்குள் சரியும். கோரையை ஒட்ட மேய்ந்துவிட்டால் வேரும் நலிவதால் பிளந்த இடம் ஆறாது. வில்லோ புதரின் இளந்தளிர்கள் ஆண்டுதோறும் தின்னப்பட, முதிர்ந்த புதர்கள் மட்டும் மிஞ்சி, பிறகு அவையும் பட்டுப்போகும். ஓடை அகன்று, ஆழம் குறைந்து, வெயிலில் சூடேறும். மீன் முட்டையிடும் கூழாங்கற்களின் இடுக்கை வண்டல் அடைக்கும். இன்னும் மோசமானால் ஓடை தன் படுகையையே கீழே வெட்டிக்கொண்டு போய்விடும். அதோடு நிலத்தடி நீரும் இறங்க, ஈரப் புல்வெளி இருந்த இடத்தில் வறண்ட நிலத்துப் புதர்கள் முளைக்கும்.

உரிமமும் கட்டணமும்

1891-ஆம் ஆண்டுச் சட்டம் பொது நிலங்களை வனக் காப்பு நிலங்களாக ஒதுக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு வழங்கியது. அதற்கு முன் அங்கே மேய்ச்சலுக்கு வரைமுறையே கிடையாது. முந்தி வந்த மந்தைக்கே புல் என்பதால், பனி உருகி முடிவதற்குள் ஆடுகளை மலையேற்றினார்கள். ஈர மண் மிதிபட்டு இறுகியது. 1869-இல் சியர்ரா மலைகளுக்கு ஆட்டு மந்தையோடு போன ஜான் மியூர், பின்னாளில் மலையாட்டு மேய்ச்சலின் கடும் எதிர்ப்பாளரானார். 1894-இல் உள்துறை காப்பு நிலங்களில் மேய்ச்சலை அடியோடு தடை செய்தது. காவலுக்கு ஆளில்லாத தடை ஏட்டளவில் நின்றது. தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கோவில் 1897-இல் ஓரிகனின் காஸ்கேட் மலைகளைச் சுற்றிப் பார்த்து மறு ஆண்டு தந்த அறிக்கை நடுவழி சொன்னது: உரிமம் கொடுங்கள், இடத்தைப் பிரித்து ஒதுக்குங்கள், ஆடுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள். பின்னர் எழுந்த ஏற்பாடு முழுவதற்கும் இதுவே அடித்தளம்.

இந்தக் கட்டுப்பாட்டை ஊர்க்காரர்களே கேட்டு வாங்கிய இடமும் உண்டு. யூட்டா மாநிலத்தின் மாண்டை ஊருக்கு மேலே மலையில் எத்தனை மந்தை மேய்கிறது என்பதை, எழும்பும் புழுதியை வைத்தே கீழிருந்து எண்ணிவிடலாம் என்பார்கள். 1880-களின் இறுதியிலிருந்து மலையிலிருந்து சேறும் கல்லுமாக வெள்ளம் இறங்கி வீடுகளையும் வாய்க்கால்களையும் நாசமாக்கியது. ஊரார் மனுப்போட, 1903-இல் மாண்டை வனக் காப்பு நிலம் பிறந்தது. மேற்கத்திய உழவர் என்றாலே அரசின் கட்டுப்பாட்டுக்கு எதிரி என்ற பரவலான எண்ணத்துக்கு மாண்டை நல்ல மறுப்பு. தண்ணீர் தலைக்கு மேல் வந்தபோது, மேய்ச்சலைக் குறையுங்கள் என்று முதலில் கேட்டவர்கள் அவர்கள்தான்.

1905-இல், பின்னர் தேசிய வனங்கள் எனப்பட்ட இந்தக் காப்பு நிலங்கள் வேளாண்மைத் துறைக்கு மாறின. கிஃபோர்டு பின்ஷோ தலைமையில் வனப் பணியகம் உருவானது.   மேய்ச்சல் நிர்வாகத்துக்கு அரிசோனாவின் மந்தைக்காரர் ஆல்பர்ட் பாட்டரைப் பொறுப்பாக்கியது பின்ஷோவின் சாமர்த்தியம். மந்தைக்காரர்களின் பேச்சு அவருக்குப் புரியும். 1906 முதல் கட்டணம் வசூலிக்கப்பட்டது. எதிர்த்து வழக்குப் போட்டார்கள். உரிமமில்லாமல் ஆடு மேய்த்ததாக எழுந்த கிரிமோ வழக்கு கலிபோர்னியாவிலிருந்தும், வேலியில்லாததால் மாடுகள் தாமாகப் போயின என்று வாதிட்ட லைட் வழக்கு கொலராடோவிலிருந்தும் உச்ச நீதிமன்றம் சென்றன. 1911-இல் இரண்டிலும் அரசே வென்றது. பொது வனத்தில் மேய்ச்சல் என்பது பிறப்புரிமையல்ல, அரசு தரும் அனுமதி என்பது அன்று உறுதியானது.

வெள்ளமும் மண்ணும்

மாண்டைக்குப் பக்கத்து எஃப்ரயிம் பள்ளத்தாக்கில் 1912-இல் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. மேய்ச்சல் நில அறிவியலின் தந்தை எனப்படும் ஆர்தர் சாம்ப்சன் அதன் முதல் இயக்குநர். மலையுச்சியருகே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, புல் அடர்த்தியையும் அவற்றிலிருந்து மழையோடு வழிந்து வந்த மண்ணையும் அளந்தார்கள். புல் மெலிந்த பக்கமிருந்து மண் அதிகம் வந்தது. அங்கே புல்லைத் தேற விட்டபோது வரத்து குறைந்தது. விதை முற்றும்வரை ஒரு பகுதியை மேயாமல் விட்டு, ஆண்டுக்கு ஆண்டு அந்த இடத்தை மாற்றும் சுழற்சி முறையும் சாம்ப்சனின் பணியால் பரவியது.

அறிவு ஒருபுறம் வளர, முதல் உலகப் போர் மறுபுறம் இழுத்தது. இறைச்சியும் கம்பளியும் வேண்டுமென்று தேசிய வனங்களில் கூடுதல் மந்தைகளை அனுமதித்தார்கள். போர் முடிந்தும் எண்ணிக்கையைக் குறைப்பது எளிதாக இல்லை. உரிமத்தின் பேரில் கடன் வாங்கிய குடும்பங்கள் இருந்தன. அரிசோனாவின் அப்பாச்சி தேசிய வனத்தில் 1909-இல் பணியில் சேர்ந்த ஆல்டோ லியோபோல்டு, அங்குள்ள புளூ ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளைநிலத்தில் பெரும்பகுதியை வெள்ளம் அரித்துப் போனதை 1920-களில் எழுதினார். ஆற்றோரத்து மேய்ச்சலைக் காரணமாகக் காட்டிய முதல் வனத்துறைக் குரல்களில் அவருடையது ஒன்று. அப்போது அது போதிய அளவு காதில் விழவில்லை. யூட்டாவின் டேவிஸ் மாவட்டத்தில் 1923-இல் உயிர்களைப் பலிகொண்ட சேற்று வெள்ளம் 1930-இலும் வந்தது. அதன் பின் மலைத்தலைகளில் மேய்ச்சலை நிறுத்திச் சம உயர வரப்பு அகழிகள் வெட்டினார்கள்.

வனப் பணியகம் 1936-இல் நாடாளுமன்ற மேலவைக்குத் தந்த பெரிய அறிக்கை, மேற்கின் மேய்ச்சல் நில வளத்தில் பாதிக்கு மேல் தேய்ந்துபோனதாக மதிப்பிட்டது. 1940-களில் எண்ணிக்கையைக் குறைக்க முனைந்தபோது, வனத்தையே தங்களுக்கு விற்றுவிடச் சொல்லும் அளவுக்குச் சில மந்தைக்காரர்கள் போனார்கள்; எழுத்தாளர் பெர்னார்டு டிவோட்டோ பத்திரிகையில் எதிர்த்து எழுதியது நாடு முழுவதும் கவனம் பெற்றது. இத்தனை பூசலிலும் ஓடை என்றால் வாய்க்காலுக்கு நீர் தரும் வழி, இல்லையேல் வெள்ளம் வரும் வழி. உயிர்வாழும் இடமாக அதைக் கணக்கில் எடுத்தவர்கள் அரிது.

ஓடை தனிப் பொருளாதல்

1969 முதல் 1976 வரை வந்த சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம், தூய நீர்ச் சட்டம், அழியும் உயிரினச் சட்டம், தேசிய வன மேலாண்மைச் சட்டம் ஆகியவை அதிகாரிகளைக் கட்டிப்போட்டன. ஐடஹோவில் வில்லியம் பிளாட்ஸ் போன்ற மீனியல் ஆய்வாளர்கள் ஓடைகளின் அகலம், கரை வடிவம், மீன் எண்ணிக்கை ஆகியவற்றை மேய்ச்சலோடு சேர்த்து அளந்தார்கள். கோடை முழுக்க மாடுகளை விட்டுவைக்கும் பழக்கமே கெடுதலின் வேர் என்பது தெளிவானது.

திருப்பம் தந்த எடுத்துக்காட்டு தேசிய வனத்துக்கு வெளியே, நில மேலாண்மைப் பணியகத்தின் பொறுப்பிலிருந்தது: ஓரிகனின் பிரைன்வில் ஊருக்கு அருகேயுள்ள பேர் ஓடை. ஓய்வு கொடுத்த பிறகு, கோடை மேய்ச்சலுக்குப் பதிலாகக் குளிர்காலக் கடைசியிலும் வசந்தத் தொடக்கத்திலும் மட்டும் மாடுகளை விட்டார்கள். வெயிலுக்கு முன் மாடுகள் போய்விடும். மீதி ஆண்டு முழுவதும் கோரை வளர்ந்து, வரும் வெள்ளத்திலிருந்து வண்டலைப் பிடித்துக்கொள்ளும். படுகை மேடேறி, நிலத்தடி நீர் உயர்ந்தது. கிடைத்த தீவனமும் பல மடங்கானது. ஓடை ஆய்வாளர்களான வேய்ன் எல்மோரும் ராபர்ட் பெஷ்டாவும் 1987-இல் இதை எழுதினார்கள். மந்தைக்காரருக்கு நட்டமில்லாமல் ஓடை தேற முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. அதே பத்தாண்டின் இறுதியில் நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம், இத்தகைய ஓடைகள் சிலவே என்றும் பரவலான மீட்சி மெதுவாகவே வரும் என்றும் கூறியது.

1990-களில் சால்மன், ஸ்டீல்ஹெட், புல் டிரவுட் மீன்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்ததும் அளவுகோல்கள் இறுகின. இன்று களப்பணியாளர் ஒருவர், குறைந்தது 110 மீட்டர் நீளமுள்ள ஓடைத் துண்டில் இரு கரைகளிலும் நடந்து, சீரான இடைவெளியில் சிறு சட்டத்தைத் தரையில் வைக்கிறார். தண்ணீரோரத்துக் கோரை எத்தனை அங்குலம் மிஞ்சியிருக்கிறது, குளம்பு எத்தனை இடத்தில் கரையை உடைத்திருக்கிறது, வில்லோ தளிரில் எத்தனை கடிபட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார். கோரை நான்கு முதல் ஆறு அங்குலத்துக்குக் கீழே போனால் மந்தையை நகர்த்த வேண்டும் என்பது பல இடங்களில் நடைமுறை. தலைக்கணக்கு மறைந்துவிடவில்லை. கட்டணம் இன்றும் ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் தின்னும் தீவனத்தை அலகாகக் கொண்டே வசூலாகிறது. 2019 முதல் 2025 வரை அது குடியரசுத் தலைவரின் ஆணை அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவான 1.35 டாலராக இருந்தது. வேலிக்கும் குதிரைமேல் சுற்றும் மேய்ப்பருக்கும் இதில் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி நியாயமானது.

ஓய்வே வழியாகும் இடங்களும் உண்டு. கலிபோர்னியாவின் கெர்ன் பீடபூமி அம்மாநிலத்து மீனான பொன் டிரவுட்டின் தாயகம். வேலியிட்ட பகுதிகளையும் மேய்ச்சலுள்ள பகுதிகளையும் ஒப்பிட்டு 1996-இல் வெளியான ஆய்வு, வேலிக்குள் பெரும்பாலும் நீர் ஆழமாகவும் ஓடை குறுகலாகவும் வில்லோ அடர்ந்தும் மீன் கூடுதலாகவும் இருந்ததைக் காட்டியது. 2001-இல் அங்கே இரண்டு பெரிய பிரிவுகளில் மேய்ச்சல் நிறுத்தப்பட்டது.

நியூ மெக்சிகோவில் கதை கசப்பானது. 2014-இல் ஈரப்புல்வெளித் துள்ளெலி அழியும் உயிரினமாக அறிவிக்கப்பட்ட வேளையில் லிங்கன் தேசிய வனத்தில் ஓடைக்கு வேலியிட்டார்கள். தண்ணீர் உரிமை தங்களுடையது என்று உள்ளூர் மந்தைக்காரர்களும் மாவட்ட நிர்வாகமும் கொதித்தனர். தலைமுறைகளாக அதே நீர்த்துறையில் மாடு குடித்து வந்த குடும்பத்துக்கு, மாற்றுத் தொட்டி கட்டும் முன்னே கதவைச் சாத்துவது அநீதியாகத்தான் தெரியும். சரிவின் மேலே குழாய் இழுத்துத் தொட்டி வைப்பது, உப்புக்கட்டியை ஓடையிலிருந்து தள்ளிப் போடுவது, மேய்ப்பரை அமர்த்தி மந்தையை மேலே ஓட்டுவது ஆகிய மூன்றும் வேலியோடு சேர்ந்தே நடக்க வேண்டியவை. அவை இல்லாத இடங்களில் வழக்குகளே மிஞ்சுகின்றன.

அண்மைக் காலத்தில் மாட்டின் கழுத்துப் பட்டையில் ஜிபிஎஸ் கருவி பொருத்தி, எல்லையை நெருங்கும்போது ஒலியும், மீறினால் சிறு மின் அதிர்வும் தரும் மெய்நிகர் வேலி சோதிக்கப்படுகிறது. முள்கம்பி வேலியைப் பனி ஆண்டுதோறும் சாய்த்துவிடும். மெய்நிகர் எல்லையையோ கோரையின் உயரத்தைப் பார்த்து வாரத்துக்கு வாரம் மாற்றலாம். ஆழமான பள்ளத்தாக்குகளில் சமிக்ஞை எட்டுவதில்லை. தாகமெடுத்த மாடு சில வேளை அதிர்வையும் பொறுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கிவிடுகிறது.