மலைச்சரிவும் திறந்த முறிவும்: தோட்ட மருத்துவத்தின் ஒரு பக்கம்

கீழ்க்காலின் இரண்டு எலும்புகளின் முனைகளும் அவற்றிடையே பொருந்தி நிற்கும் கணு எலும்பும் சேர்ந்ததே கணுக்கால் மூட்டு. அவ்விடத்தில் எலும்பை மூடத் தசை இல்லை, மெல்லிய தோலே உண்டு என்பதால், பாதம் புரண்டு மூட்டு முறியும்போது உட்புறத் தோல் கிழிந்து எலும்பின் முனை வெளியே துருத்திவிடுகிறது. முறிந்த இடம் இவ்வாறு காயத்தின் வழியே மண்ணோடும் அழுக்கோடும் தொடர்புகொள்ளும் நிலையை மருத்துவர் திறந்த முறிவு என்பர். மழையில் வழுக்கும் சரிவிலும், நீர் வடிய வெட்டிய கான்களின் விளிம்பிலும், கொழுந்துக் கூடையைச் சுமந்து வெறுங்காலோடு வேலை செய்த, இலங்கை மலைநாட்டின் நுவரெலியா, அட்டன் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு இது தொழிலோடு ஒட்டிய ஆபத்தாக இருந்தது. எருவும் மண்ணும் படிந்த காயத்தில் உடலை விறைக்கச் செய்யும் ஏற்பு வலியும், தசை அழுகி உயிரைப் பறிக்கும் நஞ்சும் எளிதில் பற்றின.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இத்தகைய காயத்துக்கு ஐரோப்பிய அறுவை மருத்துவர் பெரும்பாலும் சொன்ன வழி காலைத் துண்டிப்பதுதான். 1865 ஆகஸ்ட் 12 அன்று கிளாஸ்கோ அரச மருத்துவமனையில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் காயத்தை ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியால் மூடினார். சீழ் பிடிக்காமல் ஆறு வாரங்களில் எலும்பு கூடியது. அம்முறையை அவர் 'லான்செட்' இதழில் வெளியிட்ட 1867ஆம் ஆண்டிலேயே, ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயிலும் ஓடத் தொடங்கியது. காலைக் காக்கும் அறிவு தேயிலையின் வயதையே உடையது என்றாலும், தேயிலை ஏறிய வேகத்தில் அந்த அறிவு மலை ஏறவில்லை.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872இல் பிறந்த சட்டமும், 1880, 1912 ஆகிய ஆண்டுகளில் வந்த சட்டங்களும் மலைநாட்டை மருத்துவ மாவட்டங்களாகப் பிரித்து, மாவட்ட வைத்தியசாலைகளுக்கும் தோட்ட மருந்தகங்களுக்கும் வழிசெய்தன. ஆனால் விபத்துக்குள்ளானவரின் நிலையை முதலில் எடைபோட்டவர் வைத்தியர் அல்லர், தோட்டத்தை நடத்திய துரையே. வைத்திய அதிகாரிக்கு ஆளனுப்புவதும் நோயாளியை வைத்தியசாலைக்கு அனுப்புவதும் அவர் கையில் இருந்தன. மருந்தகத்தில் இருந்த டிஸ்பென்சரால் காயத்தைக் கழுவிக் கட்ட முடியுமேயன்றி, இறந்த தசையை வெட்டி நீக்கி எலும்பைப் பொருத்தும் வசதி அவருக்கு இல்லை. ரயில் 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்த பின்னரும், மலையிலிருந்து வண்டிப்பாதை வரையிலான தூரத்தைக் கம்பளியைக் கம்பில் கட்டித் தூக்கிச் சென்ற ஆண்களின் தோள்களே கடந்தன. அருகிலிருந்த கிராமத்து முறிவு வைத்தியரை நாடியோரும் பலர். தோல் கிழியாத முறிவில் அவர்களது கைத்திறன் மெச்சத்தக்கது. திறந்த முறிவிலோ பச்சிலைப் பற்றுக்கும் இறுகிய சிம்புக் கட்டுக்கும் அடியில் சீழ் மறைந்து வளர்ந்தது.

பெனிசிலின் 1940களில் பரவியதும் அழுகலுக்குப் பலியாவோர் குறைந்தனர். அதற்கு முன்பே 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், இழந்த உறுப்புக்கு ஈட்டும் திறனின் நூற்றுவீதத்தைக் கணித்து இழப்பீடு வகுத்திருந்தது; ஆயினும் கூலி முழுவதும் சரிவில் நின்று உழைப்பதைச் சார்ந்திருந்த ஒருவருக்கு, விறைத்துப்போன கணுக்கால் அந்தக் கணக்கு காட்டுவதைவிடப் பெரிய இழப்பு.

இன்றைய மருத்துவம் வெளிவந்த எலும்பைக் கையால் உள்ளே தள்ளாமல், தூய துணியால் மூடி, அசையாதவாறு கட்டி அனுப்பச் சொல்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி ஊசி, இயன்றால் முதல் மணி நேரத்துக்குள்ளேயே, போடப்பட வேண்டும். ஏற்பு ஊசியும் தேவை. பின்னர் அறுவைக்கூடத்தில் காயத்தை நிறைய உப்புநீரால் கழுவி, இறந்த தசையை நீக்கி, வெளிச்சட்டத்தாலோ தகட்டாலோ எலும்பை நிறுத்துவர். 2016இல் இந்திய உதவியுடன் தொடங்கி நாடெங்கும் விரிந்த, 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவையும், 2017இல் திறக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையின் புதிய கட்டடமும் காயமுற்றவர் சிகிச்சையை அடையும் நேரத்தைச் சுருக்க உதவுகின்றன. முதல் ஊசி விழ வேண்டிய இடமோ தோட்ட மருந்தகம். தோட்ட மருந்தகங்களை அரச சுகாதாரச் சேவையோடு இணைக்கும் வேலை 1990களில் தொடங்கியும் நிறைவுபெறவில்லை. அதை முடித்துவைப்பது அரசின் கடமை.